தாளம் தரும் முனை

ஃபோர்ட் போர்ட்டல்
4 மார்ச் 2007

அன்புள்ள அப்வோலி,

மழை பிடித்துக்கொண்டது. மலையைப் பார்த்து ஒரு வாரமாகிறது. அம்மா சுகம், முழங்கால் மட்டும் மழையை நமக்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்கிறது. நானும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே கரண்ட் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானா, இல்லை உன் தெருவுக்கு மட்டும் ஏதாவது சலுகை உண்டா?

உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். போன வாரம் உங்கள் டெலிபோன் கம்பெனி ஆட்கள் செல்போன் கோபுரம் வைக்க இடம் பார்க்க வந்தார்கள். எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் குன்றுதான் அவர்களுக்குப் பிடித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்று மேலாளர் என்னையும் கூட அனுப்பினார். அவர்களில் பெரியவர் ப்யாருஹங்கா. எனக்கு வாயை மூடிக்கொண்டு நடக்கத் தெரியாதே. "இந்தக் குன்னு மேல வெச்சா, மேகம் இறங்குற அன்னிக்கு சிக்னலுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "யாரும்மா நீ? நாங்களும் ஆபீஸ்ல மீட்டிங் மீட்டிங்கா போட்டோம், ஒருத்தனும் இதைக் கேக்கலையே!"

அப்வோலி என்ற செல்லப் பெயரை விட்டு, உன் நிஜப் பெயரைச் சொல்லி, அவள் தங்கை என்றேன். "கபஹேண்டாவா? எந்த கபஹேண்டா?" என்றார். வாடிக்கையாளர் போன் எடுக்கும் பிரிவு என்றதும், "ஆமா, ஆமா" என்றார்.

இங்கே ஒரு எஞ்சினியர் தேவைப்படுமாம். ஊர்க்காரராக இருந்தால் நல்லதாம். டிசம்பர் முடிவதற்குள் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வில் தேறியிருந்தால் போதும் என்றார். அப்வோலி, எனக்கு அந்த வேலை வேண்டும். தேயிலைக் கணக்கு அச்சடிக்கும் மெஷினில் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டே என் ஆயுள் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

மிஷன் கல்லூரியில் புத்தகம் வாங்கிவிட்டேன். ஆனால் புத்தகத்தைப் பார்த்து நீச்சல் வருமா? நிஜ ரௌட்டர் வேண்டும். இரண்டு வேண்டும், ஒன்று மட்டும் இருந்தால் அது யாரோடு பேசும்? போனஸ் பணத்தைக் காலை பஸ் கண்டக்டரிடம் உனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எந்த மாதிரி வாங்குவது என்று எனக்குத் தெரியாது. நீ அதற்குள்ளேயே இருப்பவள். நீ எதை எடுத்தாலும் சரி, நான் திருப்பிக் கேட்கமாட்டேன்.

உன் தோளைக் கட்டிக்கொள்ளும்,
அகீக்கி


கம்பாலா
11 மார்ச்

அன்புள்ள தோழி அட்யேரி,

நைரோபி உன்னைக் குளிரில் வாட்டவில்லையே? மருந்துப் படிப்பு முடிய இன்னும் எத்தனை பரீட்சை? நான் சுகமில்லை. காய்ச்சல் ஒன்றுமில்லை, தங்கையின் கடிதம் வந்திருக்கிறது.

அவள் அந்த வேலையைக் கேட்கிறாள். ஊருக்கு வரப்போகும் கோபுரத்தின் வேலை. அது என் வேலை, அட்யேரி. எங்கள் ஆபீஸ் வரைபடத்தில் நம் ஊருக்கு மேல் சிவப்பு ஊசி குத்திய அன்றைக்கே நான் அதை எனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். நான்கு வருடமாகக் காதில் போனை வைத்துக்கொண்டு, "அணைச்சுட்டு மறுபடி போடுங்க சார், லைட் எரியுதா சார்" என்று சொல்லிச் சொல்லி, இப்போது கனவில்கூட அதையே சொல்கிறேன். ஜனவரியில் எதற்காகத் தேர்வு எழுதினேன்? தோற்றது உனக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுதினதே வீட்டில் தெரியாது.

ப்யாருஹங்கா தினமும் என் மேசையைத் தாண்டித்தான் தேநீருக்குப் போகிறார். நான்கு வருடத்தில் ஒரு தடவை என் பெயர் கேட்டதில்லை. இவள் ஒரு குன்றின் மேல் நின்று ஒரு கேள்வி கேட்டாள், மறுவாரமே வந்து என் மேசையில் கையூன்றி நின்று, "உன் தங்கச்சி இருக்காளே, நெருப்பும்மா!" என்கிறார். நான் சிரித்தேன். பல் வலித்தது.

நேற்று வில்லியம் தெருவில் செகிட்டோவின் பழைய சாமான் கடைக்குப் போனேன். அவரிடம் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஏதோ வங்கி கழித்துப் போட்ட ஒரு ஜோடி. கருப்பு, கனம், மாவு மில் மாதிரி சத்தம். ஆனால் பின்னால் சீரியல் போர்ட் இருக்கிறது. தொலைவில் இருக்கிற இரண்டு ஊர்களை இணைக்கிற அந்த அகன்ற வாய். ஜனவரியில் நான் கோட்டைவிட்டது அந்த ஒரு பகுதியில்தான். இன்னொன்று, சின்னது, வெள்ளை, பளபளப்பு, சத்தமே இல்லை. அதில் அந்த வாய் கிடையாது. அதைச் சேர்க்கவும் இடம் கிடையாது.

செகிட்டோ கண்ணைச் சிமிட்டினார். "பரீட்சைக்குன்னா கிழவனைக் கட்டிக்க பொண்ணே. அழகனை நம்பாதே."

கிழவர்கள் இருவரையும் எனக்கு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். வெள்ளைப் பெட்டிகள் அவளுக்கு. அவையும் நல்ல பெட்டிகள்தான். புதியவை, அதிக விலை. வித்தியாசத்தை என் கையிலிருந்து போட்டேன். யாரிடம் சொன்னாலும் தாராளமான அக்கா என்பார்கள்.

கம்ப்யூட்டர் திரையிலேயே போலி ரௌட்டர் வைத்துப் பழகலாமே என்பாய். அதைத்தான் ஜனவரிக்கு முன்பு செய்தேன். திரையில் கம்பி கழன்று விழுவதில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

அப்வோலி


கம்பாலா
18 மார்ச்

அன்புள்ள அகீக்கி,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் அறிந்து சந்தோஷம். அம்மாவின் முழங்காலுக்கு இந்தப் பார்சலில் தைலம் வைத்திருக்கிறேன். அடுப்புச் சூட்டில் லேசாகக் காட்டிவிட்டுத் தேய்க்கச் சொல்.

இரண்டு பெட்டிகளும் இதில் இருக்கின்றன. கடையில் வெகுநேரம் நின்று பார்த்துத்தான் எடுத்தேன். கடையில் பழைய மாடல்களும் இருந்தன. ஆனால் அவை கரண்டைக் குடிக்கும், சத்தம் போடும், அம்மா தூங்க முடியாது. இவை புதியவை. இப்போது உலகம் முழுக்க இந்த மாதிரிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும் நேரத்திலும் பயமில்லாமல் போடலாம். முதலில் கடவுச்சொல் வைப்பது, முகவரி கொடுப்பது, இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைப்பது என்று போ. அவசரப்படாதே. டிசம்பர் தூரத்தில் இருக்கிறது.

வேலை பற்றிச் சொன்னாய். நல்லது. ஆனால் இந்தக் கம்பெனியில் இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்கு மாற்றுவார்கள். மிகவும் நம்பிவிடாதே.

பணத்தில் மிச்சம் எதுவும் இல்லை, குறையும் இல்லை. அதைப் பற்றிப் பேசாதே.

அன்புடன்,
அப்வோலி


ஃபோர்ட் போர்ட்டல்
27 மார்ச்

அன்பே உருவான அப்வோலி,

வணக்கம் சொல்லக்கூடப் பொறுமையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: சுகமா, நன்றாகத் தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா? நாங்கள் சுகம். தைலம் வந்த நாள் முதல் அம்மா உன் பெயரைச் சொல்லியே முழங்காலைத் தேய்க்கிறாள்.

எவ்வளவு அழகான பெட்டிகள்! தொழிற்சாலைப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "இது ரேடியோவா? பாட்டு வருமா?" என்றாள் ஒருத்தி. "பாட்டு வராது, சம்பளம் வரும்" என்றேன். முதல் ராத்திரியே இரண்டும் பேசிவிட்டன. ஒன்றிலிருந்து கூப்பிட்டேன், மற்றது பதில் சொன்னது. நான் கத்தியதில் அம்மா கரோக் களி கிண்டுகிற துடுப்போடு ஓடி வந்தாள்.

ஒரு கேள்வி. பார்சலின் அடியில் ஒரு தடித்த நீலக் கேபிள் இருந்தது. இரண்டு துண்டு, நடுவில் பெரிய தலைகளால் கோத்திருக்கிறது. அதன் முனைகள் என் பெட்டிகளில் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. ஒரு முனையில் ஏதோ வங்கியின் பழைய ஒட்டுச்சீட்டு. இது எதற்கு?

உன் நன்றிக்கடன்காரி,
அகீக்கி


கம்பாலா
4 ஏப்ரல்

அன்புள்ள அகீக்கி,

சுகம், உன் சுகம் அறிய ஆவல். பெட்டிகள் பேசியது கேட்டு மகிழ்ச்சி.

அந்தக் கேபிள் ஒன்றுமில்லை. கடைக்காரர் தவறுதலாகப் போட்டிருப்பார். உனக்குப் பயன்படாது. ஆனால் தூக்கி எறியாதே. மடக்காமல், வளையமாகச் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வை.

வேறு விசேஷமில்லை.

அப்வோலி


ஃபோர்ட் போர்ட்டல்
29 ஏப்ரல்

அன்புள்ள அப்வோலி,

பதில் தாமதமாகிவிட்டது. தேயிலைப் பருவம், ஆபீஸில் மூச்சுவிட நேரமில்லை. அம்மா சுகம். உன் கடிதம் சின்னதாக இருந்ததால் உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்படுகிறாள். எனக்கும் அந்தக் கவலை உண்டு.

நீலக் கேபிள் பத்திரமாக இருக்கிறது. பத்திரம் என்றால், அம்மா அதை அடுப்படியில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே கட்டி ஈரத்துணி உலர்த்துகிறாள். அவிழ்க்கச் சொன்னேன். "பேங்க் கயிறு இது, அறவே அறாது. உங்கக்கா அனுப்புனதுலயே இதான் உருப்படி" என்கிறாள். உன் முகத்தை நினைத்துச் சிரித்தேன்.

புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டேன். இப்போது ஒரு பெரிய அத்தியாயம் வந்திருக்கிறது: தொலைவில் இருக்கும் இரண்டு கிளைகளை இணைப்பது. அதற்குச் சீரியல் போர்ட் வேண்டுமாம். ஒரு கம்பி, அதில் ஒரு முனை தாளம் தட்டுமாம், மறுமுனை அதைக் கேட்டு நடக்குமாம். தாளம் தட்டுகிறவர் இல்லையென்றால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம், கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி. தேர்வில் இதிலிருந்து நிறைய வரும் என்று எழுதியிருக்கிறது.

என் பெட்டிகளில் அந்த வாய் எங்கே இருக்கிறது, அப்வோலி? திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நான்தான் கவனிக்கவில்லையா?

சீக்கிரம் எழுது.
அகீக்கி


கம்பாலா
13 மே

அட்யேரி,

உன் சுகம் கேட்டதாக வைத்துக்கொள். என் கதையைக் கேள்.

அந்தப் பாழாய்ப்போன செகிட்டோ, இரண்டு வியாபாரமும் ஒன்றே என்று நினைத்து, என் கிழவர்களின் கேபிளைத் தங்கையின் பார்சலில் போட்டுக் கட்டிவிட்டார். என்னிடம் சீரியல் போர்ட் உள்ள இரண்டு பெட்டிகள், நடுவில் கேபிள் இல்லை. அவளிடம் கேபிள், அதைச் செருக ஓட்டை இல்லை. என் சான்றிதழ் எங்கள் அம்மாவின் அடுப்படியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறது!

"இன்னொண்ணு குடுங்க" என்று கடையில் போய் நின்றேன். "எங்கேர்ந்தும்மா? அந்த பேங்க் சாமான்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு. அடுத்த கன்டெய்னர் வரட்டும்" என்றார். நகரத்தில் நான் ஏறாத கடை இல்லை. எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள். "இப்பல்லாம் யாருக்குங்க அது?" என்கிறார்கள்.

கேபிளைத் திருப்பிக் கேட்டால், எதற்கு என்று கேட்பாள். எதற்கு என்று சொன்னால், அந்த வாயுள்ள பெட்டிகள் என்னிடம் இருப்பது தெரியும். அது தெரிந்தால் நானும் தேர்வு எழுதுகிறேன் என்று தெரியும். ஜனவரி தெரியும். எல்லாம் ஒரே நூலில் வரும்.

அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை. என் பெட்டிகளில் அந்த வாய் எங்கே, நான்தான் கவனிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கிழவர்கள் இருவரையும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருக்கிறேன். ராத்திரி போட்டால் காற்றாடிச் சத்தத்தில் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டுகிறாள். வாயைத் திறந்தபடி இரண்டும் என்னைப் பார்க்கின்றன.

அவள் முதல் ராத்திரியே கத்தினாளாம். நான் ஒரு வருடமாகப் படிக்கிறேன், ஒரு தடவை கத்தியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வேலைகூட இல்லை, அவள் கத்தினதுதான்.

அப்வோலி


நைரோபி
30 மே

என் முட்டாள் அப்வோலி,

நான் சுகம், உன்னைவிட அதிகமாகவே. உன் கடிதத்தை விடுதியில் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு வெகுநேரம் சிரிக்க முடியவில்லை.

திட்டச் சொன்னாய். "அடியே, உனக்குத் தங்கச்சிமேல கோபமா, ப்யாருஹங்காமேல கோபமா?" என்று உன் முன்னால் உட்கார்ந்து கேட்க ஆசை. உன் பெயர் தெரியாமல் நான்கு வருடம் நடந்து போனவர் அவர். ஆனால் அவருக்கு நீ சிரிப்பைக் கொடுத்தாய், அவளுக்கு வெள்ளைப் பெட்டியைக் கொடுத்தாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் ஊரில் வெட்டிக்கொள்ளப் போகும்போதுகூடச் செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நிலத் தகராறில் என் சித்தப்பா, "அராலி, வெளிய வாடா, உன் மண்டைய உடைக்கிறேன்" என்றுதான் கத்தினார். அவள் இன்னும் உன்னை அப்வோலி என்றுதான் எழுதுகிறாள். அது நின்று, வெறும் பெயர் வருகிற நாளில் நீ பயப்படு. அதற்கு முன்னால் அவளுக்குப் பதில் போடு.

அட்யேரி


கம்பாலா
8 ஜூலை

அன்புள்ள அகீக்கி,

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆபீஸில் வேலை அதிகம். நான் சுகம். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

நீ கேட்ட விஷயம். உன் பெட்டிகளில் சீரியல் போர்ட் இல்லைதான். அது பழைய முறை. அதிலிருந்து ஓரிரண்டு கேள்விகள் வரலாம், மற்றதில் வாங்கிக்கொள்ளலாம். அந்த அத்தியாயத்தைப் படித்து மட்டும் வைத்துக்கொள்.

இன்னொன்று. அந்த நீலக் கேபிளைக் கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார். அதை வேறு யாருக்கோ கொடுக்கவேண்டுமாம். பார்க்கும்போதெல்லாம் நச்சரிக்கிறார். அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிடு. அம்மாவுக்கு நல்ல நைலான் கயிறு வாங்கி அனுப்புகிறேன்.

அப்வோலி


ஃபோர்ட் போர்ட்டல்
19 ஆகஸ்ட்

அன்புள்ள அப்வோலி,

நாங்கள் சுகம். மழை விட்டு மலை தெரிகிறது. உச்சியில் பனி போன வருடத்தைவிடக் குறைவாகப் படுகிறது. உன் உடம்பு எப்படி? குரல் கேட்காமல் கடிதத்தில் இருந்து உடம்பை ஊகிப்பது கஷ்டமாக இருக்கிறது.

கயிறு வந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இது வழுக்குது, துணி நிக்கமாட்டேங்குது" என்கிறாள். ஆனால் கேபிளை அவிழ்த்துத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போதுதான் முனைகளில் இருந்த சின்ன எழுத்துகள் தெரிந்தன. புத்தகத்தில், அந்தப் பெரிய அத்தியாயத்தில், அதே கேபிளின் படம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பஸ்ஸில் அனுப்பவில்லை. தேர்வுக்குப் பதிவு செய்ய நானே நேரில் வரவேண்டியிருக்கிறது. செப்டம்பர் ஏழாம் தேதி வருகிறேன், உன்னோடு ஒரு ராத்திரி தங்குகிறேன். பாவம் அந்தக் கடைக்காரர், எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறார். அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஃபிரிந்தா மசியல் செய்து எடுத்துவரவா? பீன்ஸ் நன்றாக விளைந்திருக்கிறது.

அகீக்கி


ஃபோர்ட் போர்ட்டல்
16 செப்டம்பர்

கபஹேண்டாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தங்க இடம் கொடுத்ததற்கு நன்றி. படுக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு நீ தரையில் படுத்தாய், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ் சீக்கிரம் வந்துவிட்டதால் நான் உன்னை அவசரப்படுத்திவிட்டேன் என்று தெரிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி மூடிய சின்ன மேசை ஒன்று இருந்ததே, அதன் மேல்தான் ஃபிரிந்தா பாத்திரத்தை வைத்தேன். சாப்பிடும்போது பார்த்தால் பாத்திரத்தின் அடி ஆறவேயில்லை. மேசை சூடாக இருந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

காலையில் நீ ஆபீஸ் போன பிறகு வில்லியம் தெருவுக்குப் போனேன். செகிட்டோ நல்ல மனிதர். கேபிளைக் காட்டினேன். "இது உங்கக்காவோடதாச்சே! இதைத் தேடி அது என் கடைய எத்தனை தடவை கவுத்துப்போட்டுது தெரியுமா?" என்று சிரித்தார். உன் சுகம் விசாரித்தார். "அந்தக் கிழவனுங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கானுங்கன்னு நான் கேட்டதாச் சொல்லும்மா" என்றார். இதோ, சொல்லிவிட்டேன்.

பதிவு செய்கிற இடத்தில் அந்தப் பெண் என் பெயரைப் பார்த்துவிட்டு, "இதே குடும்பப் பெயர்ல ஜனவரியில ஒருத்தங்க எழுதினாங்களே, சொந்தமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு என் படிவத்தில் முத்திரை குத்தினாள். அவள் முகத்தைப் பார்த்தால் போதுமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது உனக்கு எழுதவேண்டிய வாக்கியங்களையெல்லாம் செய்துகொண்டே வந்தேன். பாதி வழி, முபெண்டே வரைக்கும், எல்லாம் கெட்ட வாக்கியங்கள். அதற்கப்புறம் உன் அறை ஞாபகம் வந்தது. ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு, அதன் சாவி உன் கழுத்தில். உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தச் சாவியைத்தான் பார்த்தேன். நீ கம்பாலாவுக்குப் படிக்கப் போன நாளிலிருந்து எனக்குள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அது எழுந்து நின்று உன் செருப்பை, உன் பையை, நீ இங்கிலீஷில் சிரிப்பதைப் பார்க்கும். அதனால் உன் அறையில் இருந்த பொறாமை எனக்குப் புது ஆள் இல்லை. பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் அந்த அத்தியாயத்தைப் "படித்து மட்டும்" வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஓரிரண்டு கேள்விகள் என்று எழுதினாய். ஓரிரண்டில் யார் தோற்றார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

இத்துடன் கேபிளை அனுப்பியிருக்கிறேன். ஒரு துண்டு மட்டும். கேட்டு நடக்கும் துண்டு. தாளம் தரும் துண்டு என்னிடம் இருக்கிறது. அதை அனுப்பமாட்டேன், விற்கமாட்டேன், துணி உலர்த்தவும் விடமாட்டேன். உன் துண்டை உன் பெட்டியில் செருகிப் பார். ஒன்றும் நடக்காது. அது உனக்கும் தெரியும்.

தேர்வு டிசம்பர் மூன்றாம் தேதி. உன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. ஆபீஸில் உனக்கு விடுமுறை மிச்சம் இருக்கும். இங்கே கரண்ட் ராத்திரி பத்துக்கு மேல் போகாமல் நிலையாக இருக்கிறது. அம்மாவின் தூக்கம் அந்தக் கிழவர்களின் சத்தத்தில் கெடாது; நீ ஊருக்கு வந்தால் அவள் எப்படியும் தூங்கமாட்டாள்.

ஒரு கோபுரம், ஒரு வேலை. அதை இரண்டாக வெட்ட முடியாது. அதையும் யோசித்துக்கொள்.

கொபுசிங்கே


கம்பாலா
14 அக்டோபர்

அகீக்கி,

நான் சுகமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நீ சுகமா? அம்மா சுகமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

நான்கு கடிதங்கள் எழுதிக் கிழித்தேன். எல்லாமே நீளமாக இருந்தன. எல்லாவற்றிலும் நான் நல்லவளாகவே வந்தேன், அதனால் கிழித்தேன்.

உன் துண்டைச் செருகிப் பார்த்தேன். செருகாமல் இருப்பேன் என்று நினைத்தாயா? ராத்திரி முழுக்கப் பெட்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரியவில்லை. பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டி, "என்னடி, இன்னும் மாவு அரைச்சு முடியலையா?" என்றாள். இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை ப்யாருஹங்கா தேநீருக்குப் போகும்போது எழுந்து நின்றேன். "சார், என் பேரு கபஹேண்டா. ஃபோர்ட் போர்ட்டல் வேலைக்கு நானும் மனு போடுறேன். என் தங்கச்சியும் போடுறா. ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க" என்றேன். அவர் கோப்பையோடு அப்படியே நின்றார். "நீ மேசைக்குப் பின்னால இவ்வளவு உயரமா இருப்பேன்னு நினைக்கல" என்றார். உன்னிடம் சொல்லத் தோன்றியது. வேறு யாரிடம் சொல்ல?

விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். இரண்டு கிழவர்களையும் கொண்டுவருகிறேன். உன் வெள்ளைக்காரர்களையும் எடுத்துவை, நான்கும் சேர்ந்தால்தான் புத்தகத்தில் இருக்கிற கடைசிப் படத்தைப் போட முடியும். பஸ் நிலையத்துக்கு ஒரு மோட்டார்சைக்கிள்காரரோடு வா, கனம் அதிகம். கூரை மேல் போடவிடமாட்டேன், மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து சொன்னால் சண்டை வரும். முதல் ராத்திரி தாளம் தருகிற முனை உன் பக்கம் இருக்கட்டும், நான் கேட்டு நடக்கிறேன். மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்வில் நான் உனக்கு ஒரு மதிப்பெண்கூட விட்டுக்கொடுக்கமாட்டேன். நீயும் விடாதே. விட்டால் எனக்குத் தெரியும், அப்போது நிஜமாகவே பேசமாட்டேன்.

பஸ் நிலையத்தில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவ்வளவு பேர் முன்னால் என்னைக் கபஹேண்டா என்று கூப்பிட்டுவிடாதே. என்ன கோபம் இருந்தாலும் அதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு வருவேன்.

அப்வோலி